நோய் தீர்க்கும் தண்ணீரால் பிறந்த ஊர். தண்ணீரை மறந்த பிறகும் திருவிழாவால் வாழ்கிறது! ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்பெஃபர் கதை

ஒரு கிளாஸ் தண்ணீர். மூக்குப் பக்கம் கொண்டு போனாலே அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதைக் குடிப்பதற்காகவே லண்டனில் இருந்து ரயில் ஏறி, கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம் செய்து, ஹோட்டலில் வாரக்கணக்கில் ரூம் போட்டுத் தங்கியிருக்கிறார்கள் பிரிட்டன் பணக்காரர்கள். அந்த ஊர்தான் ஸ்ட்ராத்பெஃபர்.

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியில் இருக்கிற சின்ன கிராமம் இது. ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் வசிக்கிறார்கள். குடிக்க வந்த கூட்டம் நின்றுபோய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. ரயிலும் நின்றுவிட்டது. ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் ஊரின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு கூட்டம் வந்து இறங்கும். ஏன்? ஒரு ஊரை உருவாக்கிய காரணமே இல்லாமல் போன பிறகு, அந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது?

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

ஸ்காட்லாந்தின் வடபகுதிக்குத் தலைநகர் மாதிரி இருப்பது இன்வர்னெஸ். அங்கிருந்து வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் ஸ்ட்ராத்பெஃபர். பக்கத்தில் இருக்கும் டவுன் டிங்வால்; அங்கிருந்து 8 கிலோமீட்டர். வடக்கே 1,046 மீட்டர் உயரத்தில் பென் வைவிஸ் மலை நிற்கிறது.

‘ஸ்ட்ராத்’ என்றால் அந்த மண்ணின் பழைய மொழியான கேலிக்கில் அகன்ற பள்ளத்தாக்கு. பெஃபர் என்பது அதில் ஓடும் ஓடை. ஓடை போகும் பள்ளத்தாக்கு, அவ்வளவுதான் பெயரின் பொருள்.

ஜூன் மாதத்தில் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜனவரியில் மதியம் 4 மணிக்குள் இருட்டிவிடும். ஊரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் ரொம்ப முக்கியம். கோடைதான் சம்பாத்தியம், கோடைதான் கொண்டாட்டம். குளிர்காலம் அவர்களுக்கே அவர்களுக்கானது.

தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது?

ஸ்பா என்றதும் இன்று நமக்கு மசாஜ் சென்டர்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் காலத்து ஸ்பா வேறு. தாதுக்கள் கலந்த ஊற்றுநீர் நிலத்தில் இருந்து வரும் ஊர் என்பதே அதன் பொருள். அந்தத் தண்ணீரைக் குடிப்பது, அதிலேயே குளிப்பது, இரண்டுமே சிகிச்சை.

ஸ்ட்ராத்பெஃபரில் இரண்டு வகை ஊற்றுகள். ஒன்று கந்தக ஊற்று, இன்னொன்று இரும்புச் சத்துள்ள ஊற்று. ஊருக்கு அடியில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஏரியின் அடியில் படிந்த பாறை. உயிர்கள் மக்கிய எச்சம் அதில் நிறைய உண்டு. அதன் வழியாக ஊறி வரும் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்துவிடுகிறது. அந்த முட்டை வாடைக்கு இதுதான் காரணம்.

1772ஆம் ஆண்டு டாக்டர் டொனால்ட் மன்ரோ என்பவர் இந்தக் கந்தக நீரைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். அறிவியல் உலகத்துக்கு ஊரின் பெயர் தெரிய வந்தது அப்போதுதான். ஆனாலும் உடனே கூட்டம் வந்துவிடவில்லை. சாலை கிடையாது, தங்க இடம் கிடையாது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபர்டீன் பக்கத்தைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் மாரிசன் இங்கே வந்து தங்கினார். தன் உடம்பு இந்தத் தண்ணீரால்தான் தேறியது என்று நம்பிய அவர், அதைப் போகிற இடமெல்லாம் சொன்னார். 1819இல் முதல் ‘பம்ப் ரூம்’ வந்தது. ஊற்றுநீரைப் பம்ப் அடித்து கிளாஸில் ஊற்றிக் கொடுக்கும் மண்டபத்துக்குத்தான் இந்தப் பெயர். மரத்தால் கட்டிய எளிய கட்டடம். ஒரு டாக்டரின் சொந்த அனுபவமும் வாய்வழி விளம்பரமும் சேர்ந்து ஒரு ஊரையே கட்டியெழுப்பியது என்று சொன்னால் மிகை இல்லை.

நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை... இங்கே எப்படி?

கதையை நிறுத்திவிட்டு ஒரு சின்ன சுற்று. இந்த வட்டாரத்து நில உடைமைக்கும் தமிழ் மண்ணுக்கும் உண்மையாகவே ஒரு தொடர்பு இருக்கிறது.

ஸ்ட்ராத்பெஃபரை ஒட்டி இருக்கும் கோட்டை வீடு காசில் லியட். மெக்கன்சி குலத்தின் இருப்பிடம். 1745-46இல் பிரிட்டிஷ் மன்னருக்கு எதிராக நடந்த கிளர்ச்சியில் இந்தக் குடும்பத் தலைவரான குரோமார்ட்டி பிரபு தோற்ற பக்கத்தில் இருந்தார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு உயிர் மட்டும் தப்பியது. நிலம் முழுக்க அரசாங்கத்துக்குப் போனது.

அவருடைய மகன் ஜான் மெக்கன்சி, லார்ட் மெக்லியட், அரசாங்கத்தின் நம்பிக்கையைத் திரும்பப் பெற ஒரு வழி கண்டுபிடித்தார். ஊர் இளைஞர்களைச் சேர்த்து ஒரு படைப்பிரிவு திரட்டினார். அந்தப் படை 1780 தொடக்கத்தில் வந்து இறங்கிய இடம் மெட்ராஸ்! அதே ஆண்டு காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளிடம் ஆங்கிலேயர் வாங்கிய பெரிய அடியில் இந்தப் படையின் ஒரு பகுதியும் சிக்கியது. 1781 பரங்கிப்பேட்டைச் சண்டையிலும் இவர்கள் இருந்தார்கள். 1784இல் குடும்ப நிலம் மெக்லியட்டுக்குத் திரும்பக் கிடைத்தது.

இன்னொன்றும் உண்டு. அதே ராஸ் வட்டாரத்தில், அல்னெஸ் ஊருக்கு மேலே ஃபைரிஷ் என்ற குன்றின் உச்சியில் வளைவு வளைவாக ஒரு கல் நினைவுச்சின்னம் தெரியும். அது நாகப்பட்டினம் கோட்டை வாசலின் மாதிரியில் கட்டப்பட்டது என்பார்கள். 1781இல் டச்சுக்காரர்களிடம் இருந்து நாகையைக் கைப்பற்றிய சர் ஹெக்டர் மன்ரோ, ஊரில் பஞ்சம் வந்தபோது மக்களுக்கு வேலை கொடுப்பதற்காகக் கட்டிய கட்டடம் அது. வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று ராத்திரியில் அவரே கற்களைக் கீழே உருட்டிவிடுவாராம். இது ஊர்க்கதை, நம்புவது நம் இஷ்டம். சரி, தண்ணீர்க் கதைக்குத் திரும்புவோம்.

ஒரு ஜமீன்தாரின் பிடிவாதமும் 3 கிலோமீட்டர் தொலைவும்

1860களில் நிலம் ஆன் ஹே-மெக்கன்சி என்ற பெண்மணியிடம் இருந்தது. சதர்லாந்து டியூக்கின் மனைவி. விக்டோரியா மகாராணி 1861இல் இவருக்குக் குரோமார்ட்டி சீமாட்டி என்ற பட்டத்தைப் புதிதாக வழங்கினார். ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், ஸ்பா நகரங்கள் எப்படி இருக்கின்றன என்பது இவருக்குத் தெரியும். அதே மாதிரி ஒன்றைத் தன் நிலத்தில் உருவாக்க ஆசைப்பட்டார். இன்றும் ஸ்ட்ராத்பெஃபருக்குள் நுழைந்தால் ஸ்காட்லாந்து கிராமம் என்ற எண்ணமே வராது. கூரை விளிம்பில் மரவேலைப்பாடு, சரிவில் அடுக்கடுக்காக வில்லாக்கள், வராந்தாக்கள். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருந்து பெயர்த்துக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லாமல் போகக் கூடாது. சதர்லாந்து குடும்பம் என்றால் ஸ்காட்லாந்து மலைவாசிகளுக்கு இன்றும் கசப்புதான். இந்த டியூக்கின் தாத்தா-பாட்டி காலத்தில்தான், 1810களில், ஆடு வளர்ப்பதற்காக ஆயிரக்கணக்கான குடியானவர்கள் தங்கள் நிலத்தில் இருந்து விரட்டப்பட்டார்கள். வீடுகள் எரிக்கப்பட்டன. குடியானவர்கள் போன பள்ளத்தாக்குகளைத்தான், ‘என்ன அழகான அமைதி’ என்று பிறகு வந்த டூரிஸ்ட்டுகள் ரசித்தார்கள்.

ஊருக்கு அடுத்த தேவை ரயில். டிங்வாலில் இருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் பாதை ஸ்ட்ராத்பெஃபர் வழியாகத்தான் திட்டமிடப்பட்டது. ஆனால் பக்கத்து நிலத்துக்காரரான கூல் எஸ்டேட்டின் சர் வில்லியம் மெக்கன்சி தன் நிலத்தில் தண்டவாளம் வரக் கூடாது என்று முட்டுக்கட்டை போட்டார். ரயில் கம்பெனிக்கு வேறு வழியில்லை. பாதையை வடக்கே திருப்பி, ‘ரேவன்ஸ் ராக்’ என்ற பாறை மேட்டில் செங்குத்தாக ஏற்றிக்கொண்டு போனார்கள். 1870இல் பாதை திறந்தபோது ‘ஸ்ட்ராத்பெஃபர்’ ஸ்டேஷன் ஊரில் இருந்து 3 கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருந்தது. மூட்டுவலியோடு வரும் நோயாளியை அங்கே இறக்கிவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

எதிர்ப்புத் தெரிவித்த அந்த மெக்கன்சி, பாதை திறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார் என்பதுதான் இதில் சோகமான காமெடி. அதற்குள் திட்டத்தை மாற்ற நேரமில்லை. ஊருக்குள்ளேயே வரும் கிளைப் பாதைக்கு 1885 வரை காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.

பொற்காலம் எப்படி இருந்தது?

கிளைப் பாதை வந்ததும் ஊர் ஜெட் வேகத்தில் வளர்ந்தது. அதற்கு முன்பே, 1881இல், ‘பெவிலியன்’ என்ற பெரிய பொழுதுபோக்கு மண்டபத்தைக் கட்டியிருந்தார்கள். கச்சேரி, நடனம், சொற்பொழிவு எல்லாம் அங்கேதான். ஏனென்றால் தண்ணீர் குடிப்பது ஒரு நாளில் கொஞ்ச நேர வேலை. காலையில் சாப்பிடும் முன் வெறும் வயிற்றில் கந்தக நீர், ஒரு கிளாஸுக்கும் அடுத்த கிளாஸுக்கும் நடுவில் நடை, பிறகு குளியல். கரிச்சேற்றுக் குளியலும் உண்டு. மிச்ச நேரம் முழுக்க என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில்தான் பெவிலியன், தோட்டம், கோல்ஃப் மைதானம் எல்லாமே.

கவனித்தால் ஒன்று புரியும். மருந்துக்கு வந்தவர்களைத் தங்க வைப்பதற்காகத்தான் ஊர் கொண்டாட்டத்தைக் கற்றுக்கொண்டது. பிறகு மருந்து போனது, கொண்டாட்டம் மட்டும் நின்றது.

1911இல் ஹைலேண்ட் ரயில்வே கம்பெனி தன் சொந்தச் செலவில் கட்டிய பிரம்மாண்ட ஹோட்டல் திறந்தது. இரட்டைக் கோபுரம், மரவராந்தா என ஊருக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதே ஆண்டு கோடையில் ஏவிமோரில் இருந்து ‘ஸ்ட்ராத்பெஃபர் ஸ்பா எக்ஸ்பிரஸ்’ என்று வாராந்திர ஸ்பெஷல் ரயில் ஓடியது. பெரிய நகரமான இன்வர்னெஸில்கூட நிற்காமல் நேராக வரும். ஆயிரம் பேர் ஊருக்கு இவ்வளவு மவுசு!

சரிவு எங்கே தொடங்கியது?

சுமார் மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது, 1914இல் முதல் உலகப் போர் வந்தது. 1918இல் அமெரிக்கக் கடற்படை ஊரின் ஹோட்டல்களை எடுத்து ஆஸ்பத்திரியாக மாற்றியது. வட கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தடுக்கக் கண்ணிவெடி வேலி போடும் வேலையில் இருந்த அமெரிக்க மாலுமிகளுக்கான மருத்துவமனை அது. கிராமத்து மைதானத்தில் அமெரிக்க மாலுமிகள் நடமாடிய காலம்.

போருக்குப் பிறகு பழைய கூட்டம் திரும்பவில்லை. மருத்துவம் மாறிக்கொண்டே வந்தது. ஊற்றுநீர் குடித்தால் சரியாகும் என்று டாக்டர்களே எழுதிக்கொடுத்த காலம் மெல்ல முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் ஹோட்டல்கள் மறுபடி ராணுவத்துக்குப் போயின. 1946 பிப்ரவரியில் கிளைப் பாதையில் பயணிகள் ரயில் நின்றது. 1951இல் சரக்கு ரயிலும் போய்விட்டது. நடுவில் 1948இல் பிரிட்டனில் அனைவருக்கும் இலவச அரசு மருத்துவம் வந்தது. காசு கொடுத்து நாற்றத் தண்ணீர் குடிக்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போய்விட்டது.

குளியல் கூடம் இடிக்கப்பட்டது. பெவிலியன் பாழடையத் தொடங்கியது. பஸ்ஸில் கூட்டமாக வரும் முதியோர் சுற்றுலாதான் ஹோட்டல்களுக்கு மூச்சு விட வைத்தது. அழகான மரக் கூரை போட்ட ஸ்டேஷன் மட்டும், தண்டவாளமே இல்லாமல், பல வருஷம் கழித்துச் சீரமைக்கப்பட்டுக் குழந்தைகள் அருங்காட்சியகமாகவும் கடைகளாகவும் மாறியது. பெவிலியனை ஸ்காட்லாந்தின் வரலாற்றுக் கட்டட அறக்கட்டளை மீட்டெடுத்து 2004இல் திறந்தது. அதன் பிறகு கல்யாணம், கச்சேரி, நாட்டுப்புற நடன இரவு என்று மறுபடி விளக்கு எரிந்தது.

ஆகஸ்ட் சனிக்கிழமையில் என்ன நடக்கிறது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஊரின் பெரிய நாள் ‘ஸ்ட்ராத்பெஃபர் ஹைலேண்ட் கேதரிங்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்பா காலத்தில் தொடங்கிய விளையாட்டுத் திருவிழா. நடக்கும் இடம் காசில் லியட் மைதானம். பின்னால் கோட்டை, சுற்றிலும் பழைய மரங்கள், நடுவில் புல்வெளி. வட்டமாகக் கயிறு கட்டி, அதற்குள் ஒரே நேரத்தில் நாலைந்து போட்டி நடக்கும். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தலை சுற்றும்.

புதிதாகப் போகிறவர்கள் முதலில் தேடுவது ‘கேபர்’ தூக்குவதைத்தான். கேபர் என்றால் கிளை செதுக்கிய முழு மரம். 5, 6 மீட்டர் நீளம், பெரிய ஆள் எடை. பாவாடை மாதிரி மடிப்பு வைத்த ‘கில்ட்’ கட்டிய பலசாலி அதை நிமிர்த்திப் பிடித்து, நாலடி ஓடி, மேல் நுனி தரையில் குத்துமாறு எறிவார். மரம் முழுதாகக் கரணம் அடித்து அந்தப் பக்கம் விழ வேண்டும்.

இதில் பலர் தப்பாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. எவ்வளவு தூரம் எறிந்தார் என்பது கணக்கே இல்லை. எவ்வளவு நேராக விழுந்தது என்பதற்குத்தான் மார்க். கடிகார முள்ளை வைத்துச் சொல்வார்கள். எறிந்தவருக்கு நேர் எதிரே 12 மணி திசையில் விழுந்தால் முழு மார்க். 11, 1 என்று விலக விலகக் குறையும். பலத்தைவிட நிதானம் முக்கியம். பார்க்கிறவர்களுக்குத்தான் இது முரட்டு விளையாட்டு.

இன்னொரு பக்கம் 56 பவுண்டு, அதாவது சுமார் 25 கிலோ எடைக் குண்டை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே இருக்கும் குறுக்குக் கம்பியைத் தாண்டி எறிவார்கள். எறிந்துவிட்டு அடியில் இருந்து நகர மறந்தால் கதை முடிந்தது. கல் எறிதல், சம்மட்டி எறிதல், கயிறு இழுத்தல் எல்லாம் உண்டு. இந்தப் பலசாலிகளில் பலர் கோடை முழுக்க வாராவாரம் ஊர் ஊராகப் போய்ப் போட்டியிடுகிறவர்கள். பரிசுப் பணம் பெட்ரோலுக்கே சரியாகப் போகும் ரகம்.

மேடையில் நடனம். சிறுமிகளும் இளம் பெண்களும்தான் இப்போது பெரும்பாலும் ஆடுகிறார்கள். ஒரு காலத்தில் இது ஆண்களின் ஆட்டம். தரையில் குறுக்காக வைத்த இரண்டு வாள்களை மிதிக்காமல் நுனிக்காலில் ஆடும் ஆட்டம் ஒன்று. ‘ஷான் ட்ரூஸ்’ என்று இன்னொன்று. ‘பழைய கால்சட்டை’ என்று அர்த்தம். காலை உதறி உதறி ஆடுவார்கள். 1746இல் மலைவாசி ஆண்கள் கில்ட் கட்டக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டது. 1782இல்தான் அது நீக்கப்பட்டது. திணிக்கப்பட்ட கால்சட்டையை உதறி எறிவதைத்தான் இந்த ஆட்டம் காட்டுகிறது என்பது மரபு வழக்கு.

அதே சட்டத்தில் பைப் இசையும் தடை செய்யப்பட்டது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். சட்டத்தில் பைப் என்ற வார்த்தையே கிடையாது.

பைப் என்றால் நாம் நினைப்பது அணிவகுப்பில் ஊதும் பேண்டைத்தான். அதுவும் இருக்கும், கூட்டம் அதற்குத்தான் கைதட்டும். ஆனால் மைதானத்தின் ஓரத்தில், சத்தம் குறைந்த ஒரு மூலையில், ஒற்றை ஆள் நடுவர் முன்னால் மெதுவாக நடந்துகொண்டே ஊதிக்கொண்டிருப்பார். ஒரு அடிப்படை மெட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அலங்கரித்துக்கொண்டே போவது, கடைசியில் மறுபடி அதே மெட்டு. ‘பீப்ரோக்’ என்று பெயர். பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடும். ஆலாபனையில் பொறுமையாக உட்காரத் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்கும். செல்ஃபி எடுக்கும் கூட்டம் அந்தப் பக்கமே வராது.

ஓட்டக்காரர்களுக்கு மலை ஓட்டம் இருக்கிறது. மைதானத்தில் இருந்து கிளம்பி நாக்ஃபாரல் குன்று ஏறி இறங்கி மைதானத்திலேயே முடிக்க வேண்டும். அந்தக் குன்றின் உச்சியில் இரும்புக் காலத்துக் கோட்டை ஒன்று. அதன் கல் சுவர், ஏதோ ஒரு காலத்தில் எரிந்த தீயில் உருகிக் கண்ணாடி மாதிரி ஒட்டிப்போய்க் கிடக்கிறது.

யார் செலவு செய்கிறார்கள்?

அரசாங்க விழா இல்லை இது. ஸ்காட்லாந்து முழுக்க இந்த மாதிரி விளையாட்டு விழாக்களை ஊர்க் கமிட்டிகள்தான் நடத்துகின்றன. சம்பளம் கிடையாது. கயிறு கட்டுவது, பார்க்கிங் பார்ப்பது, டீக்கடை போடுவது, அடுத்த நாள் குப்பை பொறுக்குவது என எல்லாம் ஊர்க்காரர்கள். டிக்கெட் பணம், கடை வாடகை, உள்ளூர் நன்கொடை, இவ்வளவுதான் வருமானம்.

அதனால் ஒரே ஒரு நாள் மழை பெய்தால் ஒரு வருஷத்துக் கணக்கே ஆட்டம் கண்டுவிடும். ஸ்காட்லாந்தில் ஆகஸ்டில் மழை வராது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. 2020இல் கொரோனா வந்து நாடு முழுக்க இந்த விழாக்கள் நின்றபோது பல ஊர்களுக்கு வந்த பயம், விழா நின்றதைவிட, வேலை பார்த்துப் பழகிய கைகள் மறுபடி வருமா என்பதுதான். வேலைக்காக இளைஞர்கள் வெளியூர் போகிற சின்ன ஊர்களில் அது சாதாரணக் கவலை கிடையாது.

மற்ற நாட்களில் ஊர் எப்படி?

கோடைக்காலச் சனிக்கிழமை மாலைகளில் ஊர்ச் சதுக்கத்தில் பைப் பேண்ட் ஊதும். வழிப்போக்கரும் நின்று கேட்கலாம், காசு கிடையாது.

ஊருக்கென்று ஒரு விளையாட்டும் உண்டு. ஷின்டி. பார்த்தால் ஹாக்கி மாதிரி இருக்கும், ஆனால் பந்தை ஆகாயத்திலேயே அடிக்கலாம், மட்டையை எவ்வளவு உயரமும் வீசலாம். உள்ளூர் அணியின் பெயர் கேபர்ஃபே. மெக்கன்சி குலச் சின்னமான கலைமான் கொம்புதான் அந்தப் பெயர். 1934இல் இந்த விளையாட்டின் மிகப் பெரிய கோப்பையான கமானக்ட் கோப்பையை வென்றது. அதைப் பற்றி இன்றும் பேசுவார்கள்.

டிசம்பர் 31 இரவு ‘ஹாக்மனே’. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸைவிடப் பல காலம் பெரிய பண்டிகையாக இருந்தது இதுதான். நள்ளிரவு தாண்டி முதலில் வீட்டுக்குள் காலடி வைப்பவர் யார் என்பதில் அந்த வருஷத்து அதிர்ஷ்டம் இருக்கிறது என்பது நம்பிக்கை. கறுத்த முடியுள்ள ஆண் வந்தால் நல்லது, கையில் கரித்துண்டோ விஸ்கியோ இருக்க வேண்டும். ஜனவரி 25 கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாள் விருந்து.

அதே ஜனவரியில்தான் ஸ்ட்ராத்பெஃபர் பக்கத்துக் காடுகளில் ‘ஸ்ட்ராத்பஃபர்’ நடந்து வந்தது. ஊர்ப் பெயரைக் கிண்டலாக மாற்றி, மூச்சு வாங்க வைப்பது என்று பொருள் வருகிற மாதிரி வைத்த பெயர். 24 மணி நேர மலை சைக்கிள் பந்தயம். அதில் சுமார் 17 மணி நேரம் இருட்டு. பனி, சேறு, ஹெட்லைட் வெளிச்சம். 2000களின் நடுவில் தொடங்கியது. டூரிஸ்ட் எட்டிப் பார்க்காத மாதத்தில் ஹோட்டல் ரூம்களை நிரப்பியது இந்தப் பைத்தியக்காரத்தனம்தான். ஒரு காலத்தில் நோயைக் குணப்படுத்த வந்தவர்கள் தங்கிய ஊரில், உடம்பை வலிக்க வைத்துக்கொள்ளக் காசு கட்டி வந்தார்கள்!

மூன்று முறை விழுந்தால் வெள்ளம்?

ஊரில் ஒரு கல்லைக் காட்டாமல் யாரும் அனுப்ப மாட்டார்கள். பிக்ட் என்ற பழங்குடியினர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் செதுக்கி நட்ட ‘கழுகுக் கல்’. ஒரு குதிரைலாட வடிவம், அதற்குக் கீழே ஒரு கழுகு. இடுப்பளவு உயரம்தான், ஆனால் கழுகின் கோடு அவ்வளவு சுத்தம்.

இந்தக் கல் மூன்று முறை கீழே விழுந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர் ஏறி, கப்பல்களை இந்தக் கல்லிலேயே கட்டலாம் என்று ‘பிராஹன் ஞானி’ குறி சொன்னதாகக் கதை. ஏற்கெனவே இரண்டு முறை விழுந்துவிட்டது என்பார்கள். அதனால் மூன்றாவது முறைக்கு வாய்ப்பே கொடுக்காமல் அடியில் சிமென்ட் போட்டுவிட்டார்கள். மூடநம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே சிமென்ட் போடுவது எல்லா ஊரிலும் நடக்கிற விஷயம்தான்.

காசில் லியட்டுக்கு வேறு விதத்திலும் கூட்டம் வருகிறது. டயானா கபால்டனின் ‘அவுட்லேண்டர்’ நாவல்களில் வரும் லியோக் கோட்டைக்கு இதுதான் முன்மாதிரி. சீரியலை எடுத்தது வேறு கோட்டையில், டூன் என்ற இடத்தில். இருந்தாலும் ரசிகர்கள் இங்கேயும் தேடி வருகிறார்கள்.

நேரில் போக நினைத்தால்

இன்வர்னெஸில் இருந்து டிங்வாலுக்கு ரயில் இருக்கிறது. அங்கே இறங்கிப் பஸ் பிடித்தால் ஸ்ட்ராத்பெஃபர். 1870இல் செங்குத்தாக ஏற்றிய அந்த மேற்குப் பாதையில் இன்றும் கைல் வரை ரயில் ஓடுகிறது. ஆனால் ஊருக்குப் பக்கத்தில் நிற்காது. திருவிழா தேதியை முன்கூட்டியே பார்த்து ரூம் போட வேண்டும், ஆகஸ்டில் கடைசி நேரத்தில் கிடைக்காது. கோடைதானே என்று மழைக்கோட்டு எடுக்காமல் போகக் கூடாது. மாலையில் காற்று நின்றால் ‘மிட்ஜ்’ என்ற பொடிக் கொசு கூட்டமாக வந்து மொய்க்கும். உள்ளூர்க்காரர்கள் அதற்குப் பயந்து வலைத்தொப்பி போட்டுக்கொண்டுதான் தோட்ட வேலையே பார்ப்பார்கள்.